உம்மாவின் கட்டைவிரலும் ஒரு லைட்டரும்

சென்ற ரமளானின் பதினோராம் சஹரில் எங்கள் வீட்டு அடுக்களையிலிருந்து முடி கருகிய வாடை வந்தது. என்னவென்று கேட்டோம். "பால் பொங்கி அடுப்புல வழிஞ்சிட்டுது, வேற ஒண்ணுமில்ல" என்றார்கள் உம்மா. பால் கருகும் வாடைக்கும் முடி கருகும் வாடைக்கும் வேறுபாடு அறியாதவர்கள் அல்லர் நாங்கள். ஆயினும் பாங்கு சொல்ல இருபது நிமிடமே இருந்தது. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் உண்டு முடித்தோம்.

இரண்டு நாள் கழித்து மாடியில் துணி உலர்த்தப் போனபோது, உம்மாவின் சேலை முந்தானையில் உள்ளங்கையளவு கருகிப் பொசுங்கிய ஓட்டை ஒன்று கண்ணில் பட்டது. அதை மடித்து மடித்து, வெளியே தெரியாதவாறு கொடியின் உள்பக்கமாகப் போட்டிருந்தார்கள்.

'நாங்கள்' என்று இங்கே எழுதுவது நால்வரைக் குறிக்கும். அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருக்கும் லாத்தா, துபையில் வேலை பார்க்கும் காக்கா, உம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கும் இளையவர், அவருடைய மனைவி. இதில் எதை யார் செய்தார் என்று பிரித்துச் சொல்ல விரும்பவில்லை. நடந்த குறையில் நால்வருக்கும் பங்குண்டு.

உம்மாவுக்கு முடக்குவாதம் என்று மருத்துவர் சொல்லி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதுமையில் எல்லாருக்கும் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே தன் மூட்டுகளைப் பகையாகக் கருதித் தாக்கும் நோய் இது. இரு கைகளின் விரல் கணுக்களும் வீங்கி, விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன. மருந்து உண்டு, பயனும் உண்டு. ஆனால் இந்நோயாளிகள் அனைவரும் சொல்லும் ஒன்று உம்மாவுக்கும் உண்டு: உறங்கி எழுந்ததும் கை கட்டைபோல் இறுகியிருக்கும். மணி ஒன்று, சிலநாள் அதற்கும் மேல், கழிந்த பிறகே விரல்கள் மெல்ல இளகும். மற்ற மாதங்களில் அதனால் பெரிய இடையூறு இல்லை. சுபுஹு தொழுது, ஓதி, வெந்நீரில் கையை வைத்திருந்துவிட்டு ஏழு மணிக்கு மேல் அடுப்படிக்கு வருவார்கள். ரமளானில் அப்படியில்லை. மூன்றே முக்காலுக்கு எழுந்து நேரே அடுப்பின் முன்னால் நிற்க வேண்டும். நாளில் கை மிகவும் வலுவிழந்திருக்கும் நேரமும், அந்தக் கையால் நெருப்பு மூட்ட வேண்டிய நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. ஆறு ரமளான் கடந்தும் இது எங்கள் கருத்தில் பதியவில்லை என்பதை நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

லாத்தா தனியே அமர்ந்து கேட்ட பிறகே உம்மா முழுவதையும் சொன்னார்கள். இடக்கையால் அடுப்பின் திருகைத் திருப்பியிருக்கிறார்கள். வலக்கையில் லைட்டர். கட்டைவிரலால் அதன் பொத்தானை அழுத்தினால் அது பாதி வரைதான் இறங்கியிருக்கிறது. மறுபடி அழுத்தினார்கள், மறுபடியும் பாதிதான். பிறகு லைட்டரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தொழுகைத் தக்பீருக்குக் கையைக் கட்டுவதுபோல் இறுக்கி அழுத்தியிருக்கிறார்கள். இதற்குள் அரை நிமிடம் போயிற்று. திறந்துகிடந்த பர்னரிலிருந்து வாயு வந்துகொண்டே இருந்தது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. மேலே பறந்து போகாது, அடுப்பைச் சுற்றியும் மேடையின் கீழும் தேங்கி நிற்கும். மூன்றாம் முறை பொறி விழுந்ததும் தேங்கியதெல்லாம் 'குப்' என்று ஒருசேரப் பற்றியது. புருவத்து முடியும் நெற்றியோரத்து முடியும் பொசுங்கின. முந்தானை பற்றிக்கொண்டதைத் தாமே தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்து அணைத்திருக்கிறார்கள். அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அந்த லைட்டரை எடுத்துப் பார்த்தோம். அதன் பொத்தானின் மேல் பழைய வேட்டித் துணியைக் கிழித்துப் பந்துபோல் சுற்றி நூலால் கட்டியிருந்தது. அந்தக் கட்டு புதியதன்று. எண்ணெயும் புகையும் ஏறி மாதக்கணக்கில் அழுக்கேறிய கட்டு. நாங்கள் ஒவ்வொருவரும் அந்த லைட்டரைக் கையில் எடுத்திருக்கிறோம், தேநீருக்கு அடுப்பு மூட்டியிருக்கிறோம். துணி எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை.

அன்று நாங்கள் எடுத்த முதல் முடிவு தவறானது. "உம்மா, இனிமே நீங்க அடுப்புப் பக்கமே வர வேண்டாம்" என்றோம். அவர்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது எங்களில் ஒருவர், "ச்சே, ஒரு தடவ சொன்னா கேக்க மாட்டீங்களா" என்றும் சொல்லிவிட்டார். அச்சத்தில் பிறந்த சொல்தான். என்றாலும் பெற்றோரிடம் 'சீ' என்ற சொல்லைக்கூடச் சொல்லாதீர்கள் என்னும் இறைக்கட்டளையைச் சிறுவயதில் எங்களுக்கு மனனம் செய்வித்தவர்களே அவர்கள்தாம். உம்மா எதுவும் பேசவில்லை. எழுந்து போய்க் கட்டிலில் அமர்ந்து தஸ்பீஹை எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த நாள் சஹருக்குத் தாமதமாக எழுந்தோம். மூன்றாம் நாள் எழவே இல்லை. கண் விழித்தபோது பள்ளியில் சுபுஹு பாங்கு முடிந்துகொண்டிருந்தது. கைபேசியின் அலாரம் அடித்திருக்கிறது, அதை அணைத்துவிட்டு உறங்கியிருக்கிறோம். இத்தனை ஆண்டுகளாக எங்களை எழுப்பியது அலாரம் அன்று, அடுக்களையில் உம்மா பாத்திரம் எடுக்கும் ஓசைதான் என்பது அன்றைக்குத் தெரிந்தது. உம்மா விழித்துத்தான் இருந்திருக்கிறார்கள். "ஏம்மா எழுப்பல?" என்றதற்கு, "நான் அங்கிட்டு வரக்கூடாதுன்னு சொன்னீங்களே, வாப்பா" என்றார்கள். அதில் குத்தலோ கோபமோ இல்லை. அதுதான் எங்களை அதிகம் வருத்தியது.

லாத்தா அன்று அஸருக்குப் பின் வந்தார். "உம்மாவுக்குக் கைதானே போச்சு? ஆளு போகலையே. ஒரு லைட்டர் மாத்துறதுக்குப் பதிலா உம்மாவையே மாத்திட்டீங்க" என்றார். அப்படித் தொடங்கிற்று தேடல். ஒரு லைட்டருக்காக இரண்டு வாரம் அலைந்தவர்கள் எங்கள் ஊரில் நாங்களாகத்தான் இருப்போம்.

முதலில் தெரிய வேண்டியது, உம்மாவின் விரலுக்கு எவ்வளவு வலு இருக்கிறது, லைட்டருக்கு எவ்வளவு வலு வேண்டும் என்பதே. வீட்டில் மீன் நிறுக்கும் சிறிய மின்தராசு இருந்தது. அதைச் சமையல் மேடையில் வைத்து, பழைய லைட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பொத்தான் தராசில் படுமாறு மெல்ல அழுத்தினோம். முள் இல்லாத தராசு, எண் ஏறிக்கொண்டே போயிற்று. மூன்று கிலோவைச் சற்றுத் தாண்டிய பிறகே 'டக்' என்று பொறி விழுந்தது. பிறகு உம்மாவைத் தராசின் மேல் கட்டைவிரலால் அழுத்தச் சொன்னோம். "என்னையும் மீன் மாதிரி நிறுக்குறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே அழுத்தினார்கள். அஸர் நேரத்தில் இரண்டு கிலோவை ஒட்டி வந்தது. மறுநாள் சஹருக்கு எழுந்தவுடன் அழுத்தியபோது ஒரு கிலோவைக்கூட எட்டவில்லை. அந்த எண்ணைப் பார்த்தபின் யாரும் சிரிக்கவில்லை.

சாதாரண லைட்டர் ஏன் இவ்வளவு வலு கேட்கிறது என்பதையும் பிறகு படித்து அறிந்தோம். சிலவகைப் படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் பிறக்கும். இதை 1880இல் கண்டறிந்தவர்கள் ழாக் கியூரி, பியர் கியூரி என்னும் பிரெஞ்சுச் சகோதரர்கள். நம் வீட்டு லைட்டருக்குள் அத்தகைய தன்மையுடைய பீங்கான் துண்டு ஒன்று இருக்கிறது. பொத்தானை அழுத்தும்போது உள்ளே ஒரு சுருள்வில் சுருங்கிக்கொண்டே போய், ஓர் எல்லையில் விடுபட்டு, சிறு சுத்தியலால் அந்தப் பீங்கானை அறைகிறது. ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து நுனியில் பொறியாகப் பாய்கிறது. ஆகவே அந்த எல்லை வரை அழுத்தியே தீர வேண்டும். பாதி அழுத்தினால் பாதிப் பொறி வராது, ஒன்றுமே வராது. எண்ணெய் போட்டாலும் துணி சுற்றினாலும் வில்லின் வலு குறையாது. உம்மா மாதக்கணக்கில் போராடியது அந்த வில்லோடுதான்.

பிசியோதெரபி செய்யும் சகோதரி இன்னொன்றையும் விளக்கினார். கட்டைவிரலின் நுனியால் எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது, நுனியில் விழும் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழப் பன்னிரண்டு மடங்கு அழுத்தம் விரலின் அடிமூட்டில் விழுகிறதாம். நமக்குச் சிறிய வேலையாகத் தெரிவது அந்த மூட்டுக்குச் சிறிதன்று. எனவே தேட வேண்டியது கட்டைவிரல் நுனியை நம்பாத பொருளை என்றார்.

தீப்பெட்டியை முதலில் நினைத்தோம். 2021 டிசம்பரில் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாக விலை ஏறியபோதும், இன்னமும் கடையில் இதைவிட மலிவான நெருப்பு இல்லை. ஆனால் மெல்லிய குச்சியை இரு விரலால் கிள்ளிப் பிடிப்பதுதான் உம்மாவுக்கு எல்லாவற்றிலும் கடினம். பிடித்தாலும் உரசும்போது நழுவும். எரியும் குச்சி நழுவுவதைவிட எரியாத லைட்டர் மேல்.

துப்பாக்கி போல் விசை வைத்த லைட்டர் அடுத்து. கட்டைவிரலுக்கு வேலையில்லை, மற்ற விரல்களைச் சேர்த்து இழுத்தால் போதும். லாத்தாவின் மாமியாருக்குக் கட்டைவிரல் அடிமூட்டில் மட்டும் தேய்மானம். அவர்களுக்கு இது மிகவும் ஒத்துப்போயிற்று, இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். உம்மாவுக்கோ விரல்கள் முழுமையாக மடங்குவதில்லை. விசையைச் சுற்றி விரல் போகவே மாட்டேன் என்றது. கைவலி என்று ஒரே பெயர் சொன்னாலும் ஒருவர் கைக்கு உதவுவது இன்னொருவர் கைக்கு உதவாது என்பது இங்கேதான் விளங்கிற்று. பார்த்து வாங்கித் தந்தால் மட்டும் போதாது, அவர்கள் கையில் கொடுத்து, அதுவும் வலி மிகுந்த நேரத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கிடையே காக்கா துபையிலிருந்து வாட்ஸப்பில் படங்களாக அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் வந்தது வெள்ளி நிறத்தில், கைக்கு அடங்கிய, மிக அழகான லைட்டர் ஒன்றின் படம். புகைக்குழாய் பிடிப்பவர்களுக்கென்று செய்தது. சுடர் மேலே எழாமல் பக்கவாட்டில் சாய்ந்து வரும். குழாயின் கிண்ணத்துக்குள் நெருப்பைக் குனிந்து செலுத்தும்போது பிடித்திருக்கும் விரல் சுடாமல் இருப்பதற்காக அந்த அமைப்பு. சாம்பிராணிக் கரியைப் பற்றவைக்க இதைவிடப் பொருத்தமானது இல்லை என்று அவர் வாதிட்டார். வாதத்தில் நியாயம் இருந்தது. கரி தட்டில் கிடக்கும், சுடர் கீழ்நோக்கிப் போக வேண்டும், சாதாரண லைட்டரைக் கவிழ்த்தால் கை சுடும். உம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது சிகரெட்டுக்காரன் சாமான்ல? நம்ம வீட்டுல யாருக்கு வாப்பா இது?" என்றார்கள். காக்கா விளக்கமளித்தார். உம்மா விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள், பொருளை ஏற்கவில்லை. கடையிலேயே அதை எடுத்துப் பார்த்த காக்காவும் பிறகு ஒப்புக்கொண்டார்: விரல் நகத்தளவு சக்கரம் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தி உருட்டினால்தான் அதன் சிக்கிமுக்கிக் கல்லில் பொறி பறக்கும். உலோகமாதலால் கனமும் அதிகம். அழகான கைகளுக்குச் செய்யப்பட்ட அழகான பொருள்.

நீண்ட மூக்குடைய, வாயு அடைத்த சுடர் லைட்டரையும் வாங்கிப் பார்த்தோம். இங்கேதான் பெரிய சிக்கல் ஒன்று தலைதூக்கியது. அதில் ஒரு பூட்டு இருக்கிறது. ஒரு விரலால் பூட்டைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே இன்னொரு விரலால் விசையை இழுக்க வேண்டும். உம்மாவால் முடியவே இல்லை. இப்படி ஒரு பூட்டு எதற்கு என்று சலித்துக்கொண்டபின் படித்தால், அது குழந்தைகளுக்காக. அமெரிக்காவில் 1994 முதல் சிகரெட் லைட்டர்களுக்கு இவ்விதி இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட சிறுவர்களிடம் கொடுத்துச் சோதிக்கும்போது நூற்றுக்கு 85 பேராவது அதைப் பற்றவைக்க இயலாமல் தோற்க வேண்டும். சில ஆண்டுகள் கழித்து நீண்ட மூக்கு லைட்டர்களுக்கும் அவ்விதியை விரித்தார்கள்.

பூட்டைக் கழற்றிவிடலாம் என்று தெருமுனைக் கடைக்காரர் யோசனை சொன்னார், ஒரு நிமிட வேலையாம். எங்கள் வீட்டிலும் நான்கு வயதுப் பிள்ளை ஒன்று இருக்கிறது. உம்மாவின் பேரன், உம்மாவின் பின்னாலேயே திரிபவன். நான்கு வயதுப் பிள்ளையின் கைவலுவும் உம்மாவின் விடியற்காலைக் கைவலுவும் ஏறத்தாழ ஒன்று என்பதை அன்றிரவு தராசில் அவன் விரலையும் வைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டோம். அவனைத் தடுக்கும் பூட்டு உம்மாவையும் தடுக்கும். உம்மாவுக்குத் திறக்கும் பூட்டு அவனுக்கும் திறக்கும். உயரத்தில் வைக்கலாமென்றால் உம்மாவின் தோள் அவ்வளவு எழும்பாது. இரண்டு நாள் இதிலேயே கழிந்தது. சுடர் லைட்டரை வீட்டை விட்டே அனுப்பிவிட்டோம்.

இறுதியில் வாங்கியது மின்கலம் போட்ட லைட்டர். 280 ரூபாய். உள்ளே சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் பென்சில் பேட்டரி ஒன்று. பொத்தானை வெறுமனே தொட்டு அமிழ்த்தினால் போதும், விடும் வரை 'டிக் டிக் டிக்' என்று பொறி தொடர்ந்து விழும். தராசில் வைத்துப் பார்த்ததில் அரைக் கிலோவுக்கும் கீழே. இதில் வருவது பொறி மட்டுமே, சுடர் இல்லை. பிள்ளை எடுத்து அழுத்தினாலும் தாளோ துணியோ பற்ற வாய்ப்பில்லை. வாயுவைத் திறந்தால்தான் ஆபத்து, அதற்குச் சிலிண்டரின் ரெகுலேட்டர் இருக்கிறது.

வாங்கியபடியே அது உம்மாவுக்குப் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கைப்பிடி ஒல்லி. ஒல்லியான பொருளைப் பிடிக்க விரல்கள் அதிகம் மடங்க வேண்டும், வீங்கிய கணுக்களுக்குத் தடித்த பிடியே இதம். சைக்கிள் கடையில் ஹேண்டில்பாருக்குப் போடும் மெத்தென்ற உறை வாங்கி, நீளத்தைக் குறைத்து மாட்டினோம். பொத்தானும் சிறியது, விரல் நுனி தேவைப்பட்டது. அதன்மேல் சட்டைப் பொத்தான் அளவு ரப்பர் துண்டை ஒட்டினோம். இப்போது விரலின் எந்தப் பகுதி பட்டாலும் இறங்குகிறது. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், உம்மாவின் இடுப்புயரத்தில் கொக்கி அடித்துத் தொங்கவிட்டோம்.

லைட்டர் சரியாயிற்று. அப்புறந்தான் தெரிந்தது, பாதிக் குற்றம் அடுப்பின் மேல். திருகை உள்ளே அழுத்தித் திருப்புவது உம்மாவுக்கு லைட்டரைப் போலவே கடினமாக இருந்திருக்கிறது. பல ஆண்டாகத் திருகின் உள்ளே இருந்த கிரீஸ் காய்ந்துபோயிருந்தது. அடுப்பு பழுதுபார்ப்பவர் வந்து அரை மணி நேரத்தில் கழற்றித் துடைத்துப் புதிதாகக் கிரீஸ் தடவினார். முன்பு நாங்களே பல்லைக் கடித்துத் திருப்பிய திருகு இப்போது ஒற்றை விரலுக்குத் திரும்புகிறது. திருகைத் திருப்பினாலே பற்றிக்கொள்ளும் அடுப்பு வாங்கலாமே என்று பலர் கேட்டார்கள். கடையில் போய் உம்மாவைத் திருப்பச் சொல்லிப் பார்த்தோம். எல்லாமே நல்லவை அல்ல. மின்கலம் இல்லாமல் திருகுக்குள்ளேயே பழைய வில்லும் சுத்தியலும் வைத்தவை சில உண்டு, அவற்றைத் திருப்ப மணிக்கட்டு வலு வேண்டும். வாங்குவோர் இதைக் கேட்டு வாங்குங்கள். இன்டக்ஷன் அடுப்பை உம்மா தொட மறுத்துவிட்டார்கள், நாங்களும் வற்புறுத்தவில்லை.

முறையையும் மாற்றிக்கொண்டோம். முன்பு உம்மா திருகைத் திறந்துவிட்டு லைட்டரைத் தேடுவார்கள். நாமெல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், கை வலுவாக இருப்பதால் தப்பித்துக்கொள்கிறோம். இப்போது முதலில் லைட்டர். பர்னரருகே பிடித்துப் பொறி விழத் தொடங்கியதும்தான் மறுகையால் திருகு. பற்றவில்லை என்றால் உடனே திருகை மூடிவிட்டு, சன்னலைத் திறந்து, வாடை போகும் வரை காத்திருக்க வேண்டும். அந்நேரத்தில் விளக்கு சுவிட்சைக்கூடத் தொடக்கூடாது. வாடை நிற்கவே இல்லையென்றால் ரெகுலேட்டரை மூடிவிட்டு 1906 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும், நாடு முழுவதற்கும் வாயுக்கசிவுக்கான எண் அது. இதைப் பெரிய எழுத்தில் எழுதி அடுக்களைக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

ரெகுலேட்டரைப் பற்றிப் பேசும்போது உம்மா இன்னொன்றையும் வெளியிட்டார்கள். உறங்கும் முன் வீட்டில் நெருப்பை அணைத்துவிடுமாறு நபிகளார் (ஸல்) கற்றுத்தந்திருப்பதால், இஷாவுக்குப் பின் ரெகுலேட்டரை மூடாமல் உம்மா படுத்ததே இல்லை. கை இறுகத் தொடங்கிய பிறகு அதையும் திருப்ப முடியாமல், அகப்பைக் காம்பைக் கொடுத்து நெம்பி மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ரெகுலேட்டரின் ஓரம் தேய்ந்திருப்பதை எலி கடித்தது என்று நினைத்திருந்தோம். இப்போது அந்த வேலை இளையவருடையது. மறந்துவிட்டால் உம்மா கட்டிலிலிருந்தே குரல் கொடுப்பார்கள்.

சாம்பிராணி மட்டும் இன்னும் தீரவில்லை. வெள்ளி இரவுகளில் மஃரிபுக்குப் பின் வீடு முழுதும் சாம்பிராணி போடுவது உம்மாவின் வழக்கம். வெறும் பொறியில் கரி பற்றாது. எரியும் அடுப்பின் மேல் கம்பி வலை வைத்து, கரியை அதில் கனலவிட்டு, இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். அந்த இடுக்கி உம்மாவுக்கு ஆகாது. ஆகவே கரியை மருமகள் கனலவைத்துத் தருகிறார், தூளை உம்மா போடுகிறார்கள். மின்சாரத்தில் சூடாகும் தூபக்கலம் வாங்கி அனுப்புகிறேன் என்கிறார் காக்கா. "புகையே வராம அது என்ன சாம்பிராணி?" என்கிறார்கள் உம்மா. அதுவும் புகையும் என்று சொல்லிப் பார்த்தாயிற்று, நம்பவில்லை.

அந்த ரமளானின் இருபத்தெட்டாம் சஹரில் புதிய லைட்டரை முதன்முதலாக உம்மா தனியே பயன்படுத்தினார்கள். நாங்கள் உறங்குவதுபோல் படுத்திருந்தோம். கொக்கியிலிருந்து எடுக்கும் ஓசை வந்தது. 'டிக் டிக் டிக்', பிறகு திருகு, பிறகு நீலச் சுடர் பிடிக்கும் மெல்லிய ஓசை. சற்று நேரத்தில் பாத்திரம் உருண்டது. "எல்லாரும் எழும்புங்க, மணி நாலாவுது" என்ற குரலில் பழைய அதட்டல் திரும்பியிருந்தது.

பேட்டரி மாற்றும் மூடிக்கு நகத்தால் நெம்பும் வலு தேவைப்படுகிறது, உம்மாவால் திறக்க இயலாது. நின்றுபோன பின் மாற்றினால் மறுபடியும் பழைய லைட்டரைத் தேடும்படியாகும். எனவே மூன்று மாதத்துக்கொருமுறை, பிறை தென்பட்டதும், பேட்டரி தீர்ந்ததோ இல்லையோ மாற்றிவிடுகிறோம். பெருநாள் கழிந்த வாரம் எதிர்வீட்டு மாமி வந்து, அடுப்பு மூட்டுவதைப் பார்த்துவிட்டுத் தமக்கும் ஒன்று வேண்டுமென்றார். உம்மா உடனே, "முதல்ல தராசக் கொண்டாங்க" என்றார்கள். மாமி கட்டைவிரலை வைத்து அழுத்த, உம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு எண்ணை வாசித்தார்கள். "ரெண்டே கால். உங்களுக்குத் துப்பாக்கி லைட்டரே போதும் மாமி" என்றார்கள்.